மிக்ஸர்ல கை வெச்சவ

உக்காருங்கண்ணே, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில எடுத்து வெச்சுக்கிறேன். அதோ அந்த ரெண்டு பேரைப் பாருங்க, சீட்டு காலியா இருக்கிறது தெரிஞ்சும் அரை மணி நேரமா சுவத்துல சாஞ்சு நிக்கிறாங்க. பக்கத்துல உக்காந்தா நான் கடிச்சு வெச்சுடுவேனாம். நிக்கட்டும், கால் வலிச்சா அவங்க பாடு.

காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களே, சீழா? ஓ, ஆத்துல குளிச்சதுல தண்ணி போயிடுச்சா. டாக்டரம்மா ஒரு சொட்டு மருந்து குடுத்தா சரியாப் போயிடும், பயப்படாதீங்க. நல்ல குரல்ணே உங்களுக்கு. அடிவயித்துலேருந்து வருது, ஒரு எழுத்து விடாமக் கேக்குது. இப்படிப் பேசுற மனுஷங்களே இப்பக் குறைஞ்சு போயிட்டாங்க. இந்த நர்ஸுப் பொண்ணு இருக்கு பாருங்க, வாயைத் திறக்காமலே பேசுது. வந்ததுலேருந்து மூணு தரம் 'என்னம்மா, என்னம்மா'ன்னு கேட்டுட்டேன். சோறு திங்க மட்டும் வாயைத் திறக்கும்போல.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. காது ரெண்டும் கிண்ணுன்னு இருக்கு. நான் துறையூர்லேருந்து திருச்சி வரைக்கும் வந்தது ஒரு சர்டிபிகேட்டுக்கு. 'மரகதம்ங்கிற இந்தத் திருநங்கைக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்குது'ன்னு டாக்டரம்மா எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுக்கணும். அதைக் கொண்டுபோயி பிலோமினான்னு ஒருத்தி மூஞ்சியில விட்டெறியணும். அவ்வளவுதான் என் வியாதி.

நம்ம தொழில் மைக்செட்டு. துறையூர்ப் பக்கம் போயி மைக்செட் மரகதம்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ளை கூட வீட்டைக் காட்டும். முப்பத்திரண்டு வருஷம். கோயில் திருவிழா, காது குத்து, கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேரு, எல்லாத்துக்கும் நம்ம செட்டுதான். நான் மிக்ஸர்ல உக்காந்தேன்னா, நாலு ஊருக்கு அந்தாண்ட இருக்கிறவனும் எழுந்து உக்காந்துடுவான். சத்தம் ஜாஸ்தின்னு சொல்றாங்க சில பேரு. மைக்செட்டுன்னா சத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும். குசுகுசுன்னு பேசுறதுக்கா மைக்கு கட்டுறோம்?

மிக்ஸர் தெரியுமில்ல உங்களுக்கு? வரிசையாக் குமிழும், மேல கீழ தள்ளுற கட்டையுமா ஒரு பலகை. எந்த மைக்கு எவ்வளவு கேக்கணும், கீச்சுச் சத்தம் எவ்வளவு, கனத்த சத்தம் எவ்வளவு, எல்லாம் அதுலதான் முடிவு பண்றது. அதுக்கு முன்னாடி உக்காந்தவங்கதான் சவுண்டு ஆளு. மத்தவங்க எல்லாம் ஒயர் சுத்துறவங்க.

அந்த நாற்காலி எனக்குச் சும்மா வரலைண்ணே. பத்தொம்போது வயசுல ஒரு முதலாளிகிட்ட வேலைக்குச் சேர்ந்தேன். அப்ப சட்டை பேன்ட்டு. தென்னை மரம், பனை மரம், கோயில் கோபுரம், எது மேல வேணா ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிடுவேன். 'நீதான்டா என் வலது கை'ன்னு மிக்ஸர்லயும் உக்கார வெப்பாரு. ஒரு நாள் புடவையில போயி நின்னேன். ஏற இறங்கப் பாத்தாரு. வேலையை விட்டு நிறுத்தலை, அந்த மட்டும் நல்ல மனுஷன். 'ஜனங்க கண்ணுல படாம இரு, ஜெனரேட்டரைப் பாத்துக்க'ன்னுட்டாரு. ஜெனரேட்டர் எங்க இருக்கும்? பந்தலுக்குப் பின்னாடி, தகரத் தடுப்புக்குள்ள. அதுக்குள்ள நானும் அதுவும் ஏழு வருஷம். கை நீட்டுற தூரத்துல அது தடதடன்னு ஓடும், நான் தகரத்துல சாஞ்சுக்கிட்டே தூங்குவேன். அவ்வளவு சத்தத்துல ஏழு வருஷம் கிடந்தும் இந்தக் காதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா பாத்துக்குங்களேன், எப்பேர்ப்பட்ட காது!

அந்தத் தகரத்துக்குள்ளதான் பிலோமி வந்து சேர்ந்தா. மணப்பாறைக்காரி, நம்ம இனந்தான். மாதா கோயில் பாட்டுக் குழுவுல பாடிக்கிட்டிருந்தவ, புடவை கட்டினதும் வெளிய நிறுத்திட்டாங்க. ஒல்லிக் குரலு. ஆனா காதுன்னா அவ காதுதான், அதை நான் மறைக்க மாட்டேன். ஜெனரேட்டர் ஓடுறப்ப பஞ்சை உருட்டி வெச்சுக்குவா. 'நீயும் வெச்சுக்கடி'ன்னு தினம் நச்சரிப்பா. நான் வெச்சதே இல்ல. எனக்கென்ன, காது இரும்பு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், எட்டுக் குமிழ் மிக்ஸர் ஒண்ணு வாங்கி, தனியாத் தொழில் தொடங்கினோம். அன்னைக்கு நான் போட்ட ஒரே சட்டம், மிக்ஸர்ல நான்தான் உக்காருவேன், வேற யாரும் கை வைக்கக் கூடாது. பிலோமி சரின்னுட்டா. கூட்டத்துக்கு நடுவுல போயி நின்னு கேட்டுட்டு, கையைத் தூக்கினா ஏத்தணும், இறக்கினா குறைக்கணும். அவ கேப்பா, நான் தள்ளுவேன். அப்படியே இருபது வருஷம் ஓடிப்போச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முசிறிப் பக்கம் ஒரு திருவிழா. ஒரு பொம்பளைப் புள்ளை பாடிக்கிட்டிருக்கு. பிலோமி கையை இறக்கு இறக்குன்னு ஆட்டுறா. நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் குறைக்கணும்? நான் இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். விறுவிறுன்னு வந்தா. நாலு பேரு முன்னாடி சொன்னாண்ணே, 'மரகதம், கீச்சுச் சத்தம் காதைக் கிழிக்குது. உனக்குக் கேக்கலையா? உனக்குக் காது போயிடுச்சுடி.' கேட்டீங்களா? மைக்செட்டுக்காரியைப் பாத்துக் காது போச்சுங்கிறா! எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. இருபது வருஷமா அவளுக்கு என் நாற்காலி மேல கண்ணு. அன்னைக்கே அவ பெட்டியைத் தூக்கி ரோட்டுல வெச்சேன். அழுதா. நான் திரும்பிப் பாக்கலை. இப்ப இதே திருச்சியில, பாலக்கரையில ஒரு ரூமு போட்டு, மாதா பாட்டு ரெக்கார்டிங் பண்றாளாம். நல்லா இருக்கட்டும். என் போன்ல அவ பேரையே 'துரோகி'ன்னு மாத்திட்டேன்.

நர்ஸு ஏதாச்சும் கூப்பிட்டுச்சா? இல்லையா. சரி.

இப்படி இருக்கையில போன மாசம் சென்னையிலேருந்து ஒரு கடுதாசி. 'பாலினப் பன்மை ஒலித் தொழில்நுட்பக் கலைஞர்கள் சங்கமம்.' திருச்சியில ஒரு மண்டபத்துல, ஒரு நாள். திருநங்கை, திருநம்பி, ரெண்டுலயும் சேராதவங்க, யாரு சவுண்டு வேலை பண்றாங்களோ எல்லாரும் வரலாம்னு போட்டிருந்தது. எனக்கு 'மூத்த ஒலிக் கலைஞர்'னு பட்டம். கோயில் நோட்டீஸுல 'ஒலி, ஒளி: மரகதம்'னு கடைசி வரியில எறும்பு சைஸுல போடுவாங்க. இது முதல் வரி. பொய் சொல்லக் கூடாது, ரெண்டு நாளு அந்தக் கடுதாசியைத் தலையணைக்கு அடியில வெச்சுப் படுத்தேன்.

மிக்ஸரோட போயி இறங்கினேன். நடத்துறவங்க சம்யுக்தா மேடம்னு, டிரஸ்ட்டுக்காரங்க. கதர்ப் புடவை, பெரிய பொட்டு. 'ஐயோ, நீங்க விருந்தினர்மா, நீங்க வேலை செய்யக் கூடாது'ன்னாங்க. மிக்ஸர் இல்லாமக் கூப்பிட்டா பாதி மரகதந்தான் வருவான்னு சொல்லிட்டு, நானே ஒயரை இழுத்து எல்லாத்தையும் மாட்டினேன். மூணாவது வரிசையில யாரு உக்காந்திருக்கான்னு நினைக்கிறீங்க? அந்தத் துரோகிதான். பச்சைப் புடவை. கனகாம்பரம் வேற. என்னைப் பாத்துச் சிரிச்சா. நான் ஒயரைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டேன்.

காலையில வட்டமா உக்கார வெச்சாங்க. 'உங்க முதல் ஒலி நினைவு என்ன?' ஒவ்வொருத்தரா மழைங்கிறாங்க, அம்மா வளையலுங்கிறாங்க, கண்ணைத் துடைச்சுக்கிறாங்க. என் முறை வந்துச்சு. ஆம்ப்ளிஃபயர் எரிஞ்ச சத்தம்னேன். மேடம் ஆஹான்னு நோட்டுல எழுதிக்கிட்டு, 'அந்த வலியை எப்படிக் கடந்து வந்தீங்கம்மா?'ன்னாங்க. புது டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் கடந்தேன், வேற எப்படிக் கடக்கிறது? அதையும் எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் சிறப்பு விருந்தினர். ரிட்டயர்டு ஆபீஸர். 'இவர்களின் குரலை நாம் கேட்க வேண்டும்'னு ஆரம்பிச்சாரு. பத்து நிமிஷம்னு சொல்லி நாப்பது நிமிஷம். குரலைக் காட்ட வந்த புள்ளைங்க எல்லாம் கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. நாலு பேரு நிகழ்ச்சியை அவரு ஒருத்தரே தின்னு ஏப்பம் விட்டுட்டாரு. நான் என்ன பண்ணினேன், அவரு மைக்குக் கட்டையை மெதுவா, அவருக்கே தெரியாம, கீழ இழுத்துக்கிட்டே வந்தேன். கடைசியில உதடு மட்டும்தான் ஆடுச்சு. மைக்கு ரிப்பேருங்கன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க, அவரு தனக்குத்தான்னு நினைச்சுக் கும்பிட்டுட்டுக் கார் ஏறிப் போயிட்டாரு. பிலோமி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா அவளைப் பாத்துச் சிரிக்கலை.

அங்க நிரல்னு ஒரு புள்ளை. அதுவா வெச்சுக்கிட்ட பேரு. ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல, நிரல்னே கூப்பிடுங்கன்னு சொல்லிடுச்சு. எனக்கென்ன, கூப்பிட்டுட்டுப் போறேன். லேப்டாப்பை வெச்சுக்கிட்டு எறும்பு நடக்கிற சத்தம், குக்கர் விசிலு, ரயில்வே கேட்டு மணின்னு எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருக்கு. அதுதான் இப்பக் கலையாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வெச்சு, 'ரெண்டு காதையும் உள்ளங்கையால பொத்திக்குங்க, உள்ள கேக்குற சத்தத்தைக் கேளுங்க'ன்னுச்சு. நூறு பேரு காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறோம். வெளிய சமையக்காரரு கரண்டியோட எட்டிப் பாத்துட்டுப் பயந்து ஓடிட்டாரு. எனக்கு உள்ள 'ங்ங்ங்'னு ஒரு சத்தம் நல்லாவே கேட்டுச்சு. மத்தவங்க கடல் மாதிரி இருக்குன்னாங்க, இதயம் துடிக்குதுன்னாங்க. எனக்குக் காதைப் பொத்தினாலும் அதே சத்தந்தான், எடுத்தாலும் அதே சத்தந்தான். அது பாட்டுக்கு எப்பவும் ஓடிக்கிட்டிருக்கும். நல்ல காதுன்னா அப்படித்தானே?

இதை மனசுல வெச்சுக்குங்க. ஏன்னா சாயங்காலம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல.

சாயங்காலம் நிரலோட நிகழ்ச்சி. கையில கார்ட்லெஸ் மைக்கை வெச்சுக்கிட்டு மண்டபம் பூரா நடக்குது. குக்கர் விசிலு, மணி, ஏதேதோ வருது. நான் மிக்ஸர்ல. நடுவுல அந்தப் புள்ளை மைக்கைக் கீழ வெச்சுட்டுக் கண்ணை மூடி உக்காந்துடுச்சு. ஸ்பீக்கர் காலடியிலயே வெச்சிருக்கு, அதை நான் கவனிக்கலை. எல்லாம் அடங்கிப் போச்சு. எனக்கு அமைதியாத்தான் இருந்துச்சு. பாத்தா, முதல் வரிசையில ஒருத்தர் காதைப் பொத்துறாரு. அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்க. அப்புறம் மண்டபமே. சரி, காலையில பண்ணினதுதான் திரும்பவும் வருது, அதுதான் நிகழ்ச்சியோட முடிவுன்னு நினைச்சேன். நாகரிகம் தெரியாதவன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல? நானும் மிக்ஸர்லேருந்து கையை எடுத்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன். கண்ணையும் மூடிக்கிட்டேன். லேசாச் சிரிச்ச முகமா வெச்சுக்கிட்டேன், போட்டோ எடுத்தாங்கன்னா நல்லா இருக்கட்டுமேன்னு.

கண்ணைத் திறந்தா, பிலோமி! மூணாவது வரிசையிலேருந்து ஓடி வந்து, என் மிக்ஸர்ல, என் மிக்ஸர்லண்ணே, கையை வெச்சுக் கட்டையைக் கீழ இழுக்குறா!

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிப் போச்சு. முப்பத்திரண்டு வருஷத்துல முதலாளியைத் தவிர எவனும் என்னை மிக்ஸர்லேருந்து தள்ளினது இல்ல. பக்கத்துல இருந்த மைக்கைப் பிடுங்கி, 'எவடி அது என் மிக்ஸர்ல கை வைக்கிறவ? உங்கப்பன் வீட்டு மிக்ஸரா?'ன்னு கத்தினேன். அந்த மைக்கு ஆன்ல இருந்திருக்கு. வாசல்ல நின்ன ஆட்டோக்காரங்க எல்லாம் உள்ள வந்துட்டாங்க. அவ என் தோளைத் தொட்டு என்னமோ சொன்னா. வழக்கம்போல ஒல்லிக் குரலு, ஒண்ணும் விளங்கலை. நான் கையைத் தட்டி விட்டேன். சம்யுக்தா மேடம் மட்டும் பக்கத்துல இருந்தவங்ககிட்ட 'இது நிகழ்ச்சியில உண்டா?'ன்னு கேட்டுக்கிட்டு, நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாங்க.

எல்லாம் முடிஞ்சு ஒயரைச் சுத்திக்கிட்டிருக்கேன், நிரல் வந்துச்சு. லேப்டாப்பைத் திறந்து பக்கத்துல தரையில உக்காந்துச்சு. அன்னைக்கு முழுக்க நடந்ததைப் பதிஞ்சு வெச்சிருக்கு. அதுல ஒரு வசதி இருக்குண்ணே, சத்தத்தைக் கண்ணால பாக்கலாம். கனத்த சத்தம் கீழ, கீச்சுச் சத்தம் மேல, கலர் கலரா ஓடுது. ஒரு இடத்துல நிறுத்தி, 'அம்மா, இங்க பாருங்க'ன்னு கை காட்டுச்சு. கீழ எல்லாம் கறுப்பா இருக்கு. மேல உச்சியில, கத்தியால கீறின மாதிரி ஒரு மஞ்சக் கோடு. பிசிறில்லாம ஓடுது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒண்ணையொண்ணு பாத்து விசில் அடிச்சிருக்கு. ஒரு நிமிஷம் பத்து செகண்டு. ஒரு மைக்செட்டுக்காரி அதை ஒரு செகண்டு விட்டாலே அவமானம்.

ஹெட்போனை என் காதுல மாட்டி, அந்த இடத்தைப் போட்டுச்சு. கோடு ஓடுது. நான் கோட்டையே பாக்குறேன். கோடு முடியுற இடத்துல பிலோமி திடுதிடுன்னு ஓடி வர்றது, அப்புறம் நான் கத்துறது, அதெல்லாம் கேக்குது. கோடு கேக்கலை. திரும்பப் போடுன்னேன். திரும்பப் போட்டுச்சு. அஞ்சு தடவை போடச் சொன்னேன். அந்தப் புள்ளை முகத்தைப் பாக்கவே எனக்குப் புடிக்கலை. உன் ஹெட்போன் பழுதுன்னு சொல்லிட்டேன். ஆமாம்மா, பழுதுதான்னுச்சு. நல்ல புள்ளை.

அப்புறம் கேட்டேன், அவ என் தோளைத் தொட்டு என்ன சொன்னான்னு அதுல விழுந்திருக்கான்னு. நிரல் கேட்டுப் பாத்துட்டு, போன்ல பெரிய எழுத்தா அடிச்சுக் காட்டுச்சு. 'நான் இருக்கேன்டி, நீ உக்காரு.' திமிரைப் பாத்தீங்களா? என் நாற்காலியில என்னையே உக்காரச் சொல்றா! அதுக்குத்தான் சர்டிபிகேட்டு. ஆடி பிறந்தா எங்க ஊரு மாரியம்மனுக்குப் பத்து நாள் திருவிழா. சின்னப் புள்ளைங்க பாட்டு, பஜனை, எல்லாம் உண்டு. விஷயம் கமிட்டிக்குப் போயிடுச்சு. 'மரகதக்கா, காது நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வந்து மிக்ஸர்ல உக்காருங்க'ன்னுட்டாங்க. காலு நடுங்குறவனைத் தேர் வடம் பிடிக்கச் சொல்றாங்க, அவன்கிட்ட எழுதி வாங்குறாங்களா?

அதனால இன்னைக்கு டாக்டரம்மாவைப் பாத்து, ஜோரா ஒரு கையெழுத்து...

என்னண்ணே? ஏன் எழுந்திரிக்கிறீங்க? யாரைக் கூப்பிடுறாங்க?

என்னையா?

எத்தனை தடவை? நாலா? நாலு தடவை மரகதம்னு கூப்பிட்டுச்சா அந்தப் பொண்ணு? இதோ எனக்கு எதிர்க்க நின்னுக்கிட்டா? நல்லாச் சத்தமாவா?

அந்த ரெண்டு பேரும் கூடத் திரும்பிப் பாக்குறாங்களே.

இரும்மா, வரேன். ஒரு நிமிஷம்மா, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோமில்ல. அண்ணே, இந்தாங்க, இந்தப் போனைப் பிடிங்க. அதுல 'துரோகி'ன்னு ஒரு பேரு இருக்கும், அதை அமுக்குங்க. பாலக்கரைதான், ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம். மரகதம் காது டாக்டர்கிட்ட இருக்கா, உடனே வான்னு சொல்லுங்க. ஆடித் திருவிழாவுக்கு மிக்ஸர்ல அவதான் உக்காரணும்னு சொல்லுங்க. நான் கூட்டத்துக்கு நடுவுல நிக்கிறேன்னு சொல்லுங்க. நின்னு என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியலை, ஆனா நிப்பேன். காது போச்சுன்னு மட்டும் உங்க வாயால சொல்லிடாதீங்க. அது அவளுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்.

ரிங்கு போகுதா? எடுத்துட்டாளா? என்கிட்டக் குடுக்காதீங்கண்ணே. அவ குரல் ஒல்லிக் குரலு, எனக்குக் கேக்காது. அவ என்ன சொல்றான்னு கேட்டு, உங்க குரல்ல சொல்லுங்க.